பொம்மிக்குப் பூர்வீகம் ஓங்கோல் பக்கம்

எங்கள் கொட்டாம்பட்டிப் பக்கம் கண்மாய்க் கரையிலோ ஊர் எல்லையிலோ மதுரை வீரன் சாமி இருந்தால், அவர் தனியாக நிற்க மாட்டார். ஒரு பக்கம் பொம்மி, மறுபக்கம் வெள்ளையம்மாள். மீசையும் அரிவாளும் அவருக்கு. மாலை மூன்று பேருக்கும். அழகர்மலைக் காட்டில் வழிப்பறி செய்தவர்களை அடக்குவதற்குத் திருமலை நாயக்கர் அனுப்பிய ஆள் அவர் என்பது கதை. அழகர்மலை எங்களுக்குப் பக்கத்து மலை. அந்தக் கதையில் யார் கள்ளன், யார் காவலன் என்பது இந்தப் பக்கம் இன்னும் முடியாத வழக்கு. அதற்குள் இப்போது போகவில்லை.

நான் எழுத வந்தது பொம்மிக்கு முகம் கொடுத்தவரைப் பற்றி. 1956இல் லேனா செட்டியாரின் கிருஷ்ணா பிக்சர்ஸ் எடுத்த 'மதுரை வீரன்' வந்த பிறகு, என் அப்பத்தா தலைமுறைக்குப் பொம்மி என்றால் பானுமதிதான். கோயிலில் கும்பிடும்போதே, "இந்தப் பொம்மி செலைய விட அந்தப் பொம்மிக்குத்தான்டா மொகத்துல களை" என்று சொல்லக்கூடிய ஆள் அப்பத்தா. சாமி கோபித்துக்கொண்டதாகத் தெரியவில்லை.

இந்தப் படத்தின் ஆட்களைக் கொஞ்சம் உட்கார்ந்து பாருங்கள். வீரனாக நடித்த எம்.ஜி.ஆர். கண்டியில் பிறந்த, மலையாள வழிக் குடும்பத்துப் பிள்ளை. வெள்ளையம்மாளாக வந்த பத்மினி திருவனந்தபுரத்துக்காரர். படத்தில் பாடிய டி.எம்.சௌந்தரராஜன் அசல் மதுரைக்காரர், ஆனால் வீட்டில் பேசியது சௌராஷ்டிரம். பொம்மியாக வந்த பானுமதிக்கு ஊர் ஆந்திரத்தில் ஓங்கோல் பக்கம். இத்தனை பேரும் சேர்ந்து கண்ணதாசன் எழுதிய வசனத்தைப் பேசி, மதுரைக்காரர்களுக்கு மதுரை வீரனைக் காட்டினார்கள். நாமும் நம்ம ஊர்ப் படம் என்று கொண்டாடினோம்.

இதைக் குறையாகச் சொல்லவில்லை. கதையிலேயே அப்படித்தான். பொம்மி ஒரு நாயக்கர் வீட்டுப் பெண், பொம்மண்ண நாயக்கர் மகள். வீரனை எடுத்து வளர்த்தவர்கள் அருந்ததியர் வீட்டார். ஊரை ஆண்டவர் திருமலை நாயக்கர். கதையில் வருகிற பாதிப் பேர் வீட்டுக்குள் தெலுங்குதான் பேசியிருப்பார்கள். அப்படிப் பார்த்தால் அந்தப் படத்தில் பொம்மி வேடத்துக்குப் பிறப்பிலேயே பொருந்தியவர் பானுமதிதான். இன்றைக்கும் மேலூர்ச் சந்தையில் ஒரு நாள் நின்றால் எத்தனை வீட்டுப் பேச்சு காதில் விழும் என்பது இந்தப் பக்கத்து ஆட்களுக்குத் தெரியும். 'பல பண்பாடு' என்று இப்போது மேடையில் பெரிதாகப் பேசுகிறார்கள். நம் ஊர்ச் சாமி கதைக்குள்ளேயே அது குடியிருக்கிறது.

பானுமதியைப் பற்றி எழுத வேண்டும் என்று நெடுநாளாக நினைப்பு. சமீபத்தில் அக்கா மகன், "மாமா, பானுமதின்னா 'செம்பருத்தி' படத்துல வர்ற பாட்டிதானே?" என்று கேட்டான். ஆமாம் என்று சொல்லிவிட்டேன், பொய் இல்லையே. 1992இல் வந்த 'செம்பருத்தி'யில் பிரசாந்துக்குப் பாட்டியாக வந்தவர் அவர்தான். ஆனால் அதோடு நிறுத்தினால், அழகர்கோயிலுக்குப் போய்ப் பதினெட்டாம்படிக் கருப்பைக் கும்பிட்டுவிட்டு, உள்ளே அழகரைப் பார்க்காமலே பஸ் ஏறிய மாதிரி ஆகிவிடும்.

பிறந்தது 1925 செப்டம்பர் 7. அப்பா பொம்மராஜு வெங்கடசுப்பையா சங்கீதப் பிரியர். மகளுக்குப் பாட்டு கற்றுக்கொடுத்தவரும் அவரே. பதின்மூன்று வயது வாக்கில் சினிமாவுக்குக் கூப்பிட்டார்கள். இயக்குநர் சி.புல்லையா, படம் 'வர விக்ரயம்', 1939இல் வந்தது. தலைப்பைத் தமிழில் சொன்னால் 'மாப்பிள்ளை வியாபாரம்'. வரதட்சணைக் கொடுமையைப் பற்றிக் கல்லகூரி நாராயணராவ் எழுதிய நாடகம் அது. கிழவன் ஒருவனுக்குக் கட்டிவைக்கப் பார்ப்பதால் உயிரை விடுகிற காளிந்தி என்ற பெண்ணாகப் பானுமதி வந்தார். தங்கை வேடத்தில் புஷ்பவல்லி, பிற்காலத்தில் இந்தி நடிகை ரேகாவின் தாயார்.

மகளை நடிக்க அனுப்பும்போது அப்பா ஒரு நிபந்தனை போட்டார்: எந்த ஆணும் அவளைத் தொட்டு நடிக்கக் கூடாது. அந்தக் காலத்து அப்பா, வேறென்ன சொல்வார் என்று சிரித்துவிட்டுப் போகலாம். எனக்கு அதில் வேறொன்று தெரிகிறது. கம்பெனிக்காரன் சொன்னதற்கெல்லாம் தலையாட்ட வேண்டியதில்லை, நம் நிபந்தனையை முதலில் சொல்லிவிட்டு வேலைக்குப் போகலாம் என்ற பாடத்தை அந்தப் பெண் முதல் படத்திலேயே படித்துக்கொண்டாள். அந்தப் பாடத்தை அவள் அப்பா மேலேயே திருப்பினாள் என்பதுதான் சுவாரசியம். 'கிருஷ்ண பிரேமா' படப்பிடிப்பில் உதவி இயக்குநராக இருந்த பி.எஸ்.ராமகிருஷ்ண ராவைப் பிடித்துப்போக, அப்பாவின் எதிர்ப்பையும் மீறி 1943இல் கல்யாணம் செய்துகொண்டார்.

கல்யாணத்தோடு சினிமாவுக்கு முழுக்கு என்றுதான் முடிவு. பி.என்.ரெட்டி 'சுவர்க்க சீமா' படத்துக்காக வந்து கேட்டபோது அந்த முடிவு மாறியது. 1945இல் வந்த அந்தப் படத்தில் அவருக்கு நல்ல பெண் வேடம் இல்லை. ஒரு குடும்பஸ்தனை வசப்படுத்தி இழுத்துப் போகிற நாடகக்காரி. கல்யாணமாகி வீட்டோடு இருக்க நினைத்த பெண் திரும்பி வந்து எடுத்த வேடத்தைப் பாருங்கள். அதில் புறாவை அழைத்துப் பாடுகிற ஒரு பாட்டு ஆந்திரம் முழுக்கப் பரவியது. ரீட்டா ஹேவொர்த் நடித்த 'பிளட் அண்ட் சாண்ட்' என்ற ஹாலிவுட் படத்தில் காதில் விழுந்த ஒரு முனகலிலிருந்து பிறந்த மெட்டு என்பார்கள். ஸ்பெயின் நாட்டுக் காளைச் சண்டைக்காரனின் கதை, ஹாலிவுட் வழியாகச் சென்னைக்கு வந்து, தெலுங்குப் புறாவாகப் பறந்திருக்கிறது.

தமிழுக்கு அவர் வந்தது 1948இல், எம்.கே.தியாகராஜ பாகவதரின் 'ராஜ முக்தி' வழியாக. பாகவதர் சிறையிலிருந்து வந்து எடுத்த படம். படம் ஓடவில்லை. அடுத்த வருடம் ஜெமினியின் 'அபூர்வ சகோதரர்கள்' ஓடு ஓடென்று ஓடியது. அலெக்சாந்தர் டூமாவின் பிரெஞ்சுக் கதைதான் மூலம். எம்.கே.ராதா இரட்டை வேடம். அதே கதையை ஜெமினி இந்தியில் 'நிஷான்' என்று எடுத்தபோது நாயகன் ரஞ்சன், நாயகி அதே பானுமதி.

இங்கே கொஞ்சம் நிற்க வேண்டும். அந்தக் காலகட்டத்தில் நடிகைகளுக்கு ஒரு பெரிய மாற்றம் நடந்துகொண்டிருந்தது. அதற்கு முன்பு பாடத் தெரியாதவர் நடிக்க முடியாது. கே.பி.சுந்தராம்பாள், எம்.எஸ்.சுப்புலட்சுமி, டி.ஆர்.ராஜகுமாரி, யு.ஆர்.ஜீவரத்தினம் எல்லோரும் பாடிக்கொண்டே நடித்தவர்கள். 1938இல் ஏ.வி.எம். எடுத்த 'நந்தகுமார்' படத்திலேயே இரவல் குரல் வந்துவிட்டது. நாற்பதுகளின் முடிவில் அதுவே நடைமுறை ஆனது. முகத்துக்கு ஒருவர், குரலுக்கு ஒருவர். தயாரிப்பாளருக்கு வசதி; பாடத் தெரியாத அழகிகளுக்கும் ஆடத் தெரிந்தவர்களுக்கும் வழி கிடைத்தது. பழைய பாட்டுக்கார நடிகைகள் ஒவ்வொருவராக ஒதுங்கினார்கள். எங்கள் மதுரையில் பிறந்த எம்.எஸ். நான்கே கதைகளில் நடித்துவிட்டு, 'மீரா'வோடு கச்சேரி மேடைக்கே போய்விட்டார்.

பானுமதி மட்டும் அசையவில்லை. தமிழிலும் தெலுங்கிலும் தன் முகத்துக்குத் தானே பாடுவது என்பதில் உறுதியாக இருந்தார். லீலாவும் ஜிக்கியும் சுசீலாவும் எல்லா நாயகிகளுக்கும் பாடிய காலத்தில், ஒரே ஒரு நாயகிக்கு மட்டும் அவர்கள் தேவைப்படவில்லை. இசையமைப்பாளருக்கு இது எவ்வளவு தலைவலி என்று யோசியுங்கள். நாயகி ஒருநாள் இருமினால் பாட்டுப் பதிவு நின்றுவிடும். மெட்டு பிடிக்கவில்லை என்று அவர் சொன்னால் நாயகி சொன்னதா, பாடகி சொன்னதா? இரண்டு பேரையும் ஒருசேர எதிர்த்துப் பேச யாருக்குத் துணிச்சல் வரும்?

நாங்கள் அவர் குரலை முதலில் கேட்டது கொட்டகையில் அல்ல, திருவிழா மைக்செட்டில். பள்ளிக்கூடம் படிக்கிற வயசு. பங்குனி, சித்திரை வந்தால் புளியமரத்தில் கூம்புக் குழாயைக் கட்டிவிடுவார்கள். மைக்செட் போடுகிற அண்ணன் முதலில் சாமி பாட்டு, பிறகு எம்.ஜி.ஆர். தத்துவம், வெயில் ஏறினால் பழைய காதல் பாட்டு என்று ஒரு வரிசை வைத்திருப்பார். ரிக்கார்டு அட்டையை உதறி, தட்டை வேட்டி நுனியில் துடைத்து, ஊசியை வைத்துவிட்டுக் குழாய்ப் பக்கம் ஒரு காதைச் சாய்த்து நிற்பார். அந்தக் குழாயில் பெரும்பாலான பெண் குரல்கள் கீச்சென்று தேய்ந்துபோகும். பானுமதி குரல் தேயாது. கொஞ்சம் மூக்கில் ஓடுகிற, அடியில் கனமுள்ள குரல். கண்மாயைத் தாண்டிக் களையெடுக்கிறவர்கள் வரை சொல் சொல்லாகப் போய் விழும். "இந்தம்மாவுக்குத் தனியா சவுண்டு வைக்க வேணாம் தம்பி" என்று அந்த அண்ணன் சொன்னது நினைவிருக்கிறது. எந்த விமர்சகரும் இதைவிட நன்றாக அந்தக் குரலைப் பற்றி எழுதியதாக எனக்குத் தெரியவில்லை.

பாடும்போதே நடிப்பார் என்பதுதான் அவர் சங்கதி. வரியின் கடைசிச் சொல்லை இழுக்காமல் வெட்டிவிடுவார். நடுவில் ஒரு சிரிப்பு, ஒரு 'ம்ஹும்', பிறகு சட்டென்று ஒரு பிருகா. கர்நாடக சங்கீதப் பயிற்சி நன்றாகவே தெரியும், ஆனால் அதைக் காட்டிக்கொள்ள மாட்டார். 'அலிபாபாவும் 40 திருடர்களும்' படத்தில் மார்ஜியானாவாக, தன் அழகைத் தானே விளம்பரம் செய்து ஆடிப் பாடுகிற பாட்டைக் கேளுங்கள். அடிமைப்பெண் பாடுகிற மாதிரியா இருக்கிறது? கடைத்தெருவையே விலைக்கு வாங்க வந்தவள் மாதிரி இருக்கும். அரபுக் கதை, சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ், டி.ஆர்.சுந்தரம் இயக்கம், தமிழின் முதல் முழுநீள வண்ணப்படம், 1956 பொங்கலுக்கு வந்தது. வண்ணத்தை ஆச்சரியமாகப் பார்த்தவர்கள் அப்பத்தா தலைமுறை. எனக்கு அதில் வண்ணத்தைவிடக் குரல்தான் பிடித்தது.

அதற்கு முந்தைய வருடம் வந்த 'கள்வனின் காதலி'யில் ஒரு பாட்டு. கல்கியின் நாவல், சிவாஜி கதாநாயகன். கண்டசாலாவும் பானுமதியும் பாடுகிறார்கள். பாட்டின் வரிகள் கவிமணி தேசிக விநாயகம் பிள்ளை தமிழாக்கிய உமர் கய்யாம் கவிதை. பாரசீகக் கவிஞர், அவரை ஆங்கிலத்துக்குக் கொண்டுவந்த பிட்ஸ்ஜெரால்டு, அங்கிருந்து தமிழுக்குக் கொண்டுவந்த நாஞ்சில் நாட்டுக் கவிமணி, அதைப் பாடிய இரண்டு தெலுங்குக் குரல்கள். எங்கள் ஊர்த் திருவிழாவில் அது தமிழ்ப்பாட்டாகவே ஒலித்தது. யாரும் பாஸ்போர்ட் கேட்கவில்லை.

1956ஐ அவருடைய வருடம் என்றே சொல்லலாம். 'அலிபாபா', 'மதுரை வீரன்', 'தாய்க்குப்பின் தாரம்', 'ரங்கோன் ராதா', 'சதாரம்', 'ரம்பையின் காதல்' எல்லாம் அந்த ஒரே வருடம். 'தாய்க்குப்பின் தாரம்' சாண்டோ சின்னப்பா தேவர், தேவர் பிலிம்ஸ் தொடங்கி எடுத்த முதல் படம். காளையை அடக்குகிற காட்சி அதில் உண்டு. மஞ்சுவிரட்டு ஊர்க்காரர்களிடம் அதைப் பற்றிக் கேட்காதீர்கள், பொழுது போய்விடும்.

நான் சொல்ல வந்தது 'ரங்கோன் ராதா'வை. அண்ணா எழுதிய கதை, கலைஞர் வசனம், ஏ.காசிலிங்கம் இயக்கம். இங்கிரிட் பெர்க்மன் நடித்த 'கேஸ்லைட்' என்ற ஆங்கிலப் படத்தின் சாயல் கதையில் தெரியும். பெண்டாட்டிக்குப் பேய் பிடித்திருக்கிறது, புத்தி பேதலித்துவிட்டது என்று ஊரை நம்பவைத்து, அவள் தங்கையையும் சொத்தையும் சேர்த்து வளைக்கப் பார்க்கிற புருஷன். சிவாஜி அந்தப் புருஷன். பானுமதி ரங்கம் என்ற அந்த மனைவி. சூதுவாது இல்லாத பெண்ணாகத் தொடங்கி, நமக்குத்தான் கோளாறோ என்று தன்னையே சந்தேகப்படத் தொடங்குகிற இடம் இருக்கிறதே, அதில் அந்த அம்மா குரலை உயர்த்தவே மாட்டார். எப்போதும் நிமிர்ந்து நிற்கிற பெண் என்று நமக்குத் தெரிந்த ஒருவர், படிப்படியாக வளைகிறதைப் பார்க்கும்போது வயிறு கலங்கும். சாதாரணமாக அழுகிற நடிகை ஒருவர் அந்த வேடத்தில் இருந்திருந்தால் இன்னொரு அழுகைப் படம் என்று போயிருக்கும்.

எங்களுக்குக் கிழக்கே சிங்கம்புணரி தாண்டினால் திருப்பத்தூர், காரைக்குடி. செட்டிநாடு. ரங்கூன் என்பது இந்தப் பக்கத்துக்குப் படத்தில் வருகிற ஊர் இல்லை. கணக்கு எழுதப் போனவர், கடை வைக்கப் போனவர், யுத்தத்தில் நடந்தே திரும்பியவர் என்று வீட்டுக்கு வீடு ஒரு ரங்கூன் கதை இருந்தது. கணவன் வீட்டிலிருந்து தப்பி ஒரு பெண் ரங்கூனுக்குப் போய் மகளை வளர்த்தாள் என்றால் அந்தக் காலத்தில் இங்கே நம்புவதற்கு ஆள் இருந்தது. பானுமதிக்கு 'நடிப்புக்கு இலக்கணம்' என்று பட்டம் கொடுத்தவர் அண்ணா. ரங்கத்தைப் பார்த்தவர்களுக்கு அந்தப் பட்டம் மிகையாகத் தோன்றாது.

இனி அவருடைய 'திமிர்' பற்றி. சினிமாக்காரர்களிடம் பானுமதி என்று பேச்செடுத்தால் முதலில் வருகிற சொல் இதுதான். இதற்கு எல்லோரும் எடுத்துக்காட்டும் கதை 'மிஸ்ஸம்மா'. தெலுங்கில் அந்தப் படத்துக்கு முதலில் ஒப்பந்தமாகிச் சில ரீல்கள் நடித்தவர் பானுமதிதான். வரலட்சுமி விரதத்தன்று பூஜை முடித்துத் தாமதமாக வந்திருக்கிறார். தயாரிப்பாளர் சக்ரபாணி, மன்னிப்புக் கடிதம் கொடு என்றார். பானுமதி மாட்டேன் என்றார். எடுத்த ரீல்களைச் சக்ரபாணி எரித்துவிட்டார் என்று சொல்வார்கள். இரண்டாம் நாயகியாக இருந்த சாவித்திரி முதல் நாயகி ஆனார். படம் தமிழிலும் 'மிஸ்ஸியம்மா'வாக வந்து, சாவித்திரியை எங்கோ கொண்டுபோய் வைத்தது. இந்து இளைஞனும் கிறிஸ்தவப் பெண்ணும் பிழைப்புக்காகக் கணவன் மனைவியாக நடிக்கிற கதை. விரதம் இருந்ததற்காக ஒருவர் அந்தக் கிறிஸ்தவப் பெண் வேடத்தை இழந்தார் என்பதைக் கதாசிரியர் எழுதியிருந்தால் நம்ப மாட்டோம்.

'நாடோடி மன்னன்' இன்னொன்று. எம்.ஜி.ஆர். சொந்தமாகத் தயாரித்து முதன்முதலாக இயக்கிய படம். பாதியில் இருவருக்கும் கருத்து வேறுபாடு. 1958இல் படம் வந்தபோது மதனா என்ற பானுமதியின் பாத்திரம் நடுவிலேயே செத்துப்போகிறது. பிற்பாதியில் படம் வண்ணத்துக்கு மாறுகிறது, சரோஜாதேவி வருகிறார். புரட்சிக்காரனுக்குத் தோள்கொடுத்துப் பேசுகிற மதனா போய், வெகுளிப் பெண் ரத்னா வந்த அந்த இடத்தில் தமிழ் சினிமா நாயகியே மாறிவிட்டாள் என்பது என் எண்ணம். அதற்குப் பிறகு எம்.ஜி.ஆர். படங்களில் பானுமதி மாதிரியான பெண் அபூர்வமாகத்தான் தென்பட்டாள்.

அவரை ஒதுக்கியதற்குச் சொன்ன காரணம் திமிர். அதே திமிரைக் காட்டித்தான் சம்பாதித்தார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 'மலைக்கள்ளன்' (1954) பூங்கோதையாகட்டும், ஷேக்ஸ்பியரின் 'டேமிங் ஆஃப் தி ஷ்ரூ'வைத் தழுவி சிவாஜியோடு நடித்த 'அறிவாளி'யாகட்டும், ரசிகன் அவரிடம் பார்க்க வந்ததே அந்த நிமிர்வைத்தான். ஆனால் கடைசியில் அவளை அடக்கிக் காட்ட வேண்டும். 'அறிவாளி'யை இப்போது பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. சிவாஜி, பானுமதி இருவரும் பிரமாதம், கதைதான் எரிச்சல். நிஜ வாழ்க்கையில் அடங்காதவரைத் திரையிலாவது அடக்கிப் பார்த்துத் திருப்திப்பட்டார்கள் போலிருக்கிறது.

அவரால் ஏன் அப்படி நிற்க முடிந்தது? தனக்கென்று சொந்தக் கடை இருந்தது, அவ்வளவுதான். மகன் பெயரில் பரணி பிக்சர்ஸ், பிறகு சாலிகிராமத்தில் பரணி ஸ்டுடியோ. 1953இல் 'சண்டிராணி'யைத் தமிழ், தெலுங்கு, இந்தி மூன்றிலும் எடுத்தார். இயக்கம் அவரே, இரட்டை வேடம் அவரே. தமிழில் டி.பி.ராஜலட்சுமி 1936லேயே 'மிஸ் கமலா'வை இயக்கியிருந்தார். ஆனால் மூன்று மொழியில் ஒரே நேரத்தில் ஒரு பெண் படம் இயக்கினார் என்பது அதுவரை கேள்விப்படாத சங்கதி. அதற்கு இசையமைத்துக்கொண்டிருந்த சி.ஆர்.சுப்பராமன் நடுவில் இறந்துபோக, வேலையை முடித்துக்கொடுத்தவர் எம்.எஸ்.விஸ்வநாதன். அடுத்த கம்பெனிக்காரன் வாசலில் வாய்ப்புக்காக நிற்க வேண்டியவர் மன்னிப்புக் கடிதம் எழுதியிருப்பார். இவருக்கு எழுத வேண்டிய கட்டாயம் இல்லை. அந்தக் கட்டாயம் இல்லாத பெண்ணை நாம் திமிர் பிடித்தவள் என்கிறோம். ஆணாக இருந்தால் தன்மானம் என்போம்.

மற்றதையும் சொல்லிவிடுகிறேன். தெலுங்கில் அவர் நடித்த 'மல்லீஸ்வரி' (1951) சீன மொழித் துணைவசனத்தோடு சீனாவில் ஓடியது. சரத்சந்திரரின் வங்கக் கதையை 'கானல் நீர்' என்று தமிழில் எடுத்தார்கள். 1962இல் ஏ.வி.எம்.மின் 'அன்னை'யில் வளர்ப்புத் தாயாக வந்தார், அதுவும் வங்கத்திலிருந்து வந்த கதை. 1965இல் 'தோடு நீடா' என்ற தெலுங்குப் படத்தில் டோரிஸ் டே பாடிப் புகழ்பெற்ற 'கே செரா செரா'வைப் பாடினார். தமிழில் அதே மெட்டு 'ஆரவல்லி'யில் ஜிக்கி, ஏ.எம்.ராஜா குரலில் முன்பே வந்திருந்தது. கேட்டவர்களுக்குச் சட்டென்று பிடிபடும்.

இத்தனைக்கும் நடுவில் எழுத்து வேறு. 'அத்தகாரி கதலு' என்று மாமியாரை வைத்து எழுதிய நகைச்சுவைக் கதைகள் தெலுங்கில் இன்றும் பேசப்படுபவை. சுயசரிதையான 'நாலோ நேனு' சினிமா பற்றிய சிறந்த நூலுக்கான தேசிய விருது வாங்கியது. சோதிடமும் பார்ப்பார். 1966இல் பத்மஸ்ரீ, பின்னாளில் பத்மபூஷண். 1985 முதல் 88 வரை சென்னையில் தமிழக அரசு இசைக் கல்லூரியின் முதல்வராக இருந்தார். 'நாடோடி மன்னன்' நடுவில் மதனாவை இழந்த அதே எம்.ஜி.ஆர். அப்போது முதலமைச்சர். சண்டையை அவர் மனசில் வைத்துக்கொண்டிருந்தால் அந்த நாற்காலி கிடைத்திருக்காது. இரண்டு பேர் கணக்கிலும் இதை வரவு வைக்க வேண்டும்.

எங்கள் பக்கத்துக்கு அவர் இன்னொரு முறை வந்தார், நாங்கள் கவனிக்காத வழியில். பாரதிராஜா 1983இல் 'மண்வாசனை' எடுத்தார். அப்போதைய மதுரை மாவட்டத்து மேற்குப் பக்கத்து மண், அந்தப் பேச்சு, அந்த முறைமை. அதில் பாட்டியாக வந்த காந்திமதியை மறக்க முடியுமா? மானாமதுரைக்காரர் அவர். அடுத்த வருடமே தெலுங்கில் அது 'மங்கம்மகாரி மனவடு' ஆனது. பேரன் பாலகிருஷ்ணா. பாட்டி மங்கம்மா, நம் பானுமதி. படத்தின் பெயரே பாட்டி பெயரில் என்பதைக் கவனியுங்கள். ஆந்திரம் முழுக்கத் திருவிழா மாதிரி ஓடியது. தெலுங்கு நாயக்கர் வீட்டுப் பெண்ணாக மதுரைக்கு வந்தவர், கிட்டத்தட்ட முப்பது வருடம் கழித்து மதுரைக் கிழவியைத் தெலுங்குக்குக் கூட்டிப்போனார். இரண்டு பாட்டிகளையும் அடுத்தடுத்துப் பார்த்தேன். காந்திமதி பாட்டி நம் தெருவில் வெற்றிலை இடிக்கிறவர். பானுமதி பாட்டி ஊருக்கே நாட்டாமை. எனக்கு நம்ம காந்திமதி ஒரு படி மேல்தான்; இதைச் சொல்வதில் ஊர்ப்பாசம் கொஞ்சம் இருக்கலாம்.

'செம்பருத்தி'யில் இளையராஜா இசையில் அவரைப் பாடவும் வைத்தார்கள். வயசு அறுபத்தேழு வாக்கில். குரலில் நடுக்கம் ஏறியிருந்தது, கனம் அப்படியே இருந்தது. கடைசிக்காலப் படங்களில் அதட்டல் பாட்டி என்ற ஒரே அச்சில் அவரைத் திரும்பத் திரும்ப ஊற்றினார்கள் என்பதில் எனக்கு மனத்தாங்கல் உண்டு. நகைச்சுவை எழுதத் தெரிந்த ஒருவருக்கு இன்னும் நல்ல பாட்டி வேடம் யாராவது எழுதியிருக்கலாம். 2005 டிசம்பர் 24இல் சென்னையில் காலமானார். எம்.ஜி.ஆர். இறந்ததும் ஒரு டிசம்பர் 24தான், 1987இல்.

அக்கா மகனிடம் இதையெல்லாம் சொன்னபோது, "அப்ப எதைப் பார்க்கணும்னு ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க மாமா" என்றான். உங்களுக்கும் அதே பதில்தான். 'அலிபாபா' எங்கும் கிடைக்கும், பிறகு பார்த்துக்கொள்ளலாம். முதலில் 'ரங்கோன் ராதா' பாருங்கள். பிரிண்ட் மங்கலாக இருந்தாலும் பரவாயில்லை, பாட்டு வருகிற இடங்களில் ஓட்டிவிடாமல் பாருங்கள். அங்கே நடிக்கிறவரும் பாடுகிறவரும் ஒரே ஆள்.